‘ஹேட்’ (had) காதில் விழுவதில்லை: ஆங்கிலப் பாடநூல் எழுதுவோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆங்கிலப் பாடநூல் எழுதுபவர்களுக்கும், அதை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். பிறகு இங்கிலாந்து வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுக்கும் வேலைக்குப் போனேன். அங்கே என்னைத் தடுக்கி விழ வைத்த ஒரு சின்ன ஒலியைப் பற்றித்தான் இந்த மடல்: பேச்சில் சுருங்கிப்போகும் ‘ஹேட்’.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பெரியவர் அழைத்தார். சந்தாவை நிறுத்திய பிறகும் தன் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது என்று புகார். அவர் சொன்ன வாக்கியம்: “ஐட் (I'd) கேன்சல்ட் இட் வென் த மணி வென்ட் அவுட்.” பணம் போன நேரத்தில் ஏற்கெனவே ரத்து செய்திருந்தேன் என்று அர்த்தம். என் காதில் விழுந்ததோ “ஐ கேன்சல்ட் இட்”. பணம் போனதும் ரத்து செய்தார் என்று குறித்து வைத்தேன். முன்னால் நடந்தது பின்னால் போய்விட்டது. பணம் திரும்பக் கிடைக்காது என்று அவருக்குப் பதில் போனது. அவர் மறுபடி அழைத்துச் சண்டை போட்டு, பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் என் தவறு தெரிந்தது. அந்த இடத்தை நான்கு முறை கேட்டேன். ‘ஐ’க்கும் ‘கேன்சல்ட்’டுக்கும் நடுவே நாக்கு ஒரு கணம் மேலே தொட்டு நிற்பது நான்காவது முறைதான் பிடிபட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

கடந்த காலத்தில் ஒன்றுக்கு முன்பே நடந்து முடிந்ததைச் சொல்லும் பாஸ்ட் பெர்ஃபெக்ட் எனக்குத் தெரியாதா என்ன? “த டிரெய்ன் ஹேட் லெஃப்ட் பிஃபோர் ஐ ரீச்ட் த ஸ்டேஷன்” என்ற வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஹேட் போட்டு, வினைச்சொல்லின் மூன்றாம் வடிவத்தைப் போட்டு, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் படித்த ‘ஹேட்’ எப்போதும் முழுச் சொல்லாகவே இருந்தது. அவர்களுடைய அன்றாடப் பேச்சில் அது அழுத்தம் தேவைப்படும் இடத்தில்தான் அப்படி வரும். மற்றபடி ஐ, ஹீ, ஷீ, வீ, தே என்ற சொற்களின் வாலில் ஒட்டிய ஒரு ‘ட்’ மட்டும்தான். அதுவும் ‘ஆடு’ என்பதில் வரும் மென்மையான ஒலி. எழுத்தில் ஓர் அப்பாஸ்ட்ரஃபியும் ‘டி’ எழுத்தும். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் ‘அட்’ போல ஒலிக்கும்: “த பஸ்ஸட் கான் (gone).” இதை எழுத்தில் அதிகம் பார்க்க முடியாது, பேச்சில் சர்வசாதாரணம். அடுத்த சொல்லும் அதே ஒலியில் தொடங்கினால் இன்னும் மோசம். “ஐட் டன் இட்” என்பதில் இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிடும்.

அப்புறம், இந்த ஒற்றை ஒலிக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன, ‘ஹேட்’டும் ‘வுட்’டும் (would). பின்னால் வரும் வினையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். “ஐட் கான்” என்றால் ஹேட், “ஐட் கோ” என்றால் வுட். “இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்” என்பதில் முதலாவது ஹேட், இரண்டாவது வுட். புட், கட், கம், ரன் போன்றவற்றுக்கு முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே என்பதால் “ஹீட் கம்” என்று மட்டும் கேட்டால் வந்திருந்தாரா, வருவாரா என்று சூழலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இது நம் பிள்ளைகளுக்கு எட்டாத வித்தை இல்லை. “வந்துட்டுப் போனான்” என்கிறோம், “வந்துட்டு இருக்கான்” என்கிறோம். முதல் ‘ட்டு’ விட்டு, இரண்டாவது ‘ட்டு’ கொண்டு. பின்னால் வரும் சொல்லை வைத்து ஐந்து வயதுக் குழந்தை இதைச் சரியாகப் பிரிக்கிறது. தமிழில் இவ்வளவு கூர்மையாக இருக்கும் காதுக்கு ஆங்கிலத்திலும் இதே வேலைதான் என்று எனக்கு யாராவது ஒரு முறை சொல்லியிருந்தால் போதும்.

முழு ‘ஹேட்’டையே காட்டி வளர்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. “நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்” என்பதை நாம் அப்படியே “ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே” என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலேயர் அங்கே “வென்ட்” என்பார், அவ்வளவுதான். பாஸ்ட் பெர்ஃபெக்ட் வந்தால், இதற்குப் பிறகு நடந்த இன்னொன்றைச் சொல்லப்போகிறார் என்று அவர் காத்திருப்பார். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ முன்பின்னைக் காட்டிவிடும் இடத்தில் அவர்களே பல நேரம் ஹேட்டை விட்டுவிடுவார்கள். ரயில் வாக்கியமும் அப்படிப்பட்டதுதான்.

சுருக்கம் கொச்சை என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். 1710-இலேயே எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் ‘டாட்லர்’ இதழில் இத்தகைய சுருக்கங்களைக் கடிந்து எழுதினார். அவர் எடுத்துக்காட்டிய மாதிரிக் கடிதத்தில் ‘ஐட்’டும் இருந்தது. 300 ஆண்டுகள் கடந்தும் அது வாழ்கிறது. கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் முழு ஹேட் இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. உரையாடல் எழுதச் சொல்லும் கேள்வியில் ஒரு பிள்ளை சுருக்கி எழுதினால் மட்டும் சிவப்பு மையால் அடிக்காதீர்கள்.

எங்கே சுருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். “யெஸ், ஐ ஹேட்” என்று முடியும் பதிலில் ‘ஐட்’ வராது. எதிர்மறையில் பெரும்பாலும் ‘ஹேடன்ட்’ என்பார்கள். வாக்கியத்தின் முடிவில் ஒட்டும் குட்டிக் கேள்வியான கொஸ்டின் டேக் நடத்தும்போது இதற்கு நல்ல வாய்ப்பு: “ஹீட் லெஃப்ட்” என்றால் “ஹேடன்ட் ஹீ”, “ஹீட் லீவ்” என்றால் “வுடன்ட் ஹீ”. “ஹீட் பெட்டர் லீவ்” மட்டும் விதிவிலக்கு. வினை முதல் வடிவத்தில் இருந்தாலும் அங்கே ஒளிந்திருப்பது ஹேட்தான்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இப்போது க்யூஆர் குறியீடு அச்சாகிறது. அதன் வழியே இயல்பான வேகத்தில் பேசும் நான்கு வாக்கியங்களைப் பிள்ளைகளின் காதுக்குக் கொண்டுபோங்கள். அது வரும்வரை ஆசிரியர்கள் ஒரு நாள் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். அந்தப் பெரியவரின் வாக்கியத்தை ஒரு முறை ‘ட்’டோடும் ஒரு முறை இல்லாமலும் சொல்லி, ரத்து செய்தது முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்