பைலைத் திருத்தும் முன் மெஷினை அளந்து பாருங்கள்: குமரி மாவட்ட டிஜிட்டல் பிரஸ்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று மாவட்டம் முழுக்க டிஜிட்டல் பிரஸ் நடத்தும் உரிமையாளர்களுக்கும், மெஷின் முன் நிற்கும் ஆபரேட்டர்களுக்கும், பைல் தயாரிக்கும் டிசைனர்களுக்கும் வணக்கம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் சிவந்து வந்தால், உடனே போட்டோஷாப்பைத் திறந்து மெஜந்தா (ஊதாச்சிவப்பு) கர்வை இறக்கும் பழக்கத்தை விடுங்கள். சாய்ந்த தராசுக்கு ஏற்ப எடைக்கல்லைச் செதுக்குகிற வேலை அது. அன்றைக்கு ஒப்பேறிவிடும். சில மாதம் கழித்து அதே ஆல்பத்துக்கு இன்னொரு பிரதி கேட்டு வருவார்கள். அதற்குள் டிரம் (படத்தை ஏந்தும் உருளை) மாறியிருக்கும். அதே பைல் அப்போது பச்சையடிக்கும். எந்தத் திருத்தத்தை எதற்காகச் செய்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

முகம் ஏன் சிவக்கிறது? டோனர் (நிறத்தூள்) மெஷினில் பொதுவாக வெளிர் மெஜந்தா என்று தனி டோனர் கிடையாது. வெளிர்ச்சாயல் எல்லாம் ஹாஃப்டோன் புள்ளிகளின் (நிறத்தைப் பிரித்துக் காட்டும் நுண்புள்ளிகளின்) அளவால் வருவது. பைலில் 50% என்று இருக்கும் புள்ளி, பேப்பரில் 50 ஆக நிற்பதில்லை. டோனரை உருக்கி ஒட்டும் பியூசரின் சூட்டிலும் அழுத்தத்திலும் டோனர் பரவுகிறது. அதோடு, பேப்பருக்குள் நுழையும் வெளிச்சம் உள்ளேயே சிதறிப் புள்ளியின் அடியில் மாட்டிக்கொள்வதால், புள்ளி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் டாட் கெயின். பேப்பரின் டென்சிட்டியை (நிற அடர்த்தியை) கழித்த பிறகு மெஜந்தா சாலிட் (100% நிறம்) 1.40, 50% கட்டம் 0.50 என்று அளவு வந்தால், மரே-டேவிஸ் சூத்திரப்படி அந்தக் கட்டம் 71% ஆக நிற்கிறது. கெயின் 21. நேற்று அது 15 ஆக இருந்திருந்தால், இன்று முகம் சிவக்காமல் என்ன செய்யும்?

காலிபிரேஷன் செய்வது இவ்வளவுதான்: ரிப் (பைலைப் புள்ளிகளாக மாற்றி மெஷினுக்கு அனுப்பும் மென்பொருள்) அச்சடித்துக் கொடுக்கும் கட்டங்களை அளந்து, வந்ததையும் வர வேண்டியதையும் ஒப்பிட்டு, எதிர்க் கர்வ் ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. 50 கேட்டால் 71 வருகிறது, வேண்டியது 65 என்றால், அடுத்த முறை 50க்குப் பதில் சுமார் 44ஐ மெஷினுக்கு அனுப்பும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சாலிடைப் பொறுத்தவரை இந்தக் கர்வால் குறைக்கத்தான் முடியும். சாலிடே வெளிறிப் போயிருந்தால், இல்லாத டோனரை அது எங்கிருந்து கொண்டுவரும்? டெவலப்பர் (டோனரைச் சுமக்கும் தூள்) தேய்ந்திருந்தாலோ, சார்ஜ் கம்பி அழுக்காக இருந்தாலோ, டிரான்ஸ்ஃபர் பெல்ட் முடிவுக்கு வந்திருந்தாலோ, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நோயுள்ள மெஷினில் காலிபிரேட் பட்டனை அழுத்தினால் அந்த நோயையே கர்வ் மனப்பாடம் செய்துகொள்ளும். திருத்தம் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள 256 சாயல் படிகளில் பல வீணாகி, படத்தின் வானத்தில் பட்டை விழும்.

புள்ளிகளை அடுக்கும் முறையான ஸ்கிரீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 பிக்ஸல்), பிக்ஸலுக்கு ஒரே பிட் (டோனர் உண்டு அல்லது இல்லை) என்ற நிலையில், 150 எல்.பி.ஐ. (அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை) ஸ்கிரீன் போட்டால் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 4×4 கட்டம். வெள்ளையும் சேர்த்து 17 சாயல்கள்தான். இன்றைய மெஷின்கள் லேசரின் துடிப்பை ஏற்றி இறக்கி ஒரே பிக்ஸலிலும் பல படி காட்டுவதால்தான் தப்பிக்கிறோம். அதற்காக எல்.பி.ஐ. ஏற ஏற நல்லது என்று நினைக்க வேண்டாம். 2400 டி.பி.ஐ.யில் ஒரு பிக்ஸல் சுமார் 10.6 மைக்ரான். டோனர் துகளோ 5 முதல் 8 மைக்ரான். ஒன்றிரண்டு துகளை நம்பி நிற்கும் புள்ளி ஒரு தாளில் ஒட்டும், அடுத்த தாளில் ஒட்டாது. நம்மூர் கிறிஸ்தவத் திருமணங்களில் மணப்பெண்ணின் வெள்ளைப் புடவை மடிப்புகளின் வெளிர்ப் பகுதிகள் 2 முதல் 5 சதவீதத்துக்குள் அடங்குபவை. அங்கே மடிப்பு மறைந்து வெறும் பேப்பர் தெரிந்தால், பெரும்பாலும் ஸ்கிரீன் அளவுக்கு மீறி நுணுக்கமாக இருக்கிறது என்று பொருள். ஆல்பத்துக்கு 175 அல்லது 200 எல்.பி.ஐ. டாட் ஸ்கிரீனே போதும் என்பது எங்கள் கருத்து.

பட்டின் ஜரிகைக் கோடுகளில் மோய்ரே அலை (கோடுகளும் புள்ளிகளும் மோதி வரும் அலைக்கோலம்) வந்தால் மட்டும், புள்ளிகளை வரிசையின்றித் தூவும் ஸ்டோகாஸ்டிக் ஸ்கிரீனுக்குப் போங்கள். ஆனால் அதன் சிறு புள்ளிகளுக்குச் சுற்றளவு அதிகம்; கெயினும் அதிகம். டாட் ஸ்கிரீனுக்கு எடுத்த காலிபிரேஷனை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்கிரீனை மட்டும் மாற்றினால் படம் முழுக்க இருண்டுபோகும். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஒரு காலிபிரேஷன். பேப்பருக்கும் அப்படியே: பூச்சில்லாத மேப்லித்தோ, 130 முதல் 170 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர், 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, கிழியாத என்.டி. ஷீட் ஆகியவற்றுக்குத் தனித்தனி செட் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே 'பிளெயின்' செட்டிங்கில் ஓட்டுவது சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. ஈரம் ஏறினால் டோனரின் மின்னேற்றம் குறையும். டெவலப்பர் அதைப் பிடித்து வைக்காமல் கூடுதலாகக் கொட்டும். டென்சிட்டியும் கெயினும் ஏறும். ஈரம் குடித்த பேப்பரிலோ டோனர் சரியாக மாறி ஒட்டாமல் சாலிட் திட்டுத்திட்டாக வரும். இரண்டும் ஒரே நாளில் நடப்பதால்தான் ஆனி, ஐப்பசியில் குழப்பம். மெஷின் அறையை 22, 23 டிகிரியிலும் 50% ஈரப்பதத்தை ஒட்டியும் வையுங்கள். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். ரீமை முந்தின நாளே அந்த அறைக்குக் கொண்டுவந்து, உறையை ஓட்டும்போது மட்டும் பிரியுங்கள். மிச்சத் தாளை உறைக்குள் போட்டு டேப் ஒட்டுங்கள். இரவு ஏசியை நிறுத்திவிட்டுக் காலையில் போட்ட பத்தாவது நிமிடம் எடுக்கிற அளவை நம்ப வேண்டாம்.

காலை வேலை இப்படி இருக்கட்டும். மெஷின் சூடேறியதும் வீணாகிற தாளில் முப்பது, நாற்பது ஷீட் ஓட்டுங்கள். பிறகு மெஷினின் சொந்த கிரேடேஷன் (சாயல் படி) சரிசெய்தலை முடியுங்கள். அதன் பின்தான் ரிப் காலிபிரேஷன். வரிசையை மாற்றக் கூடாது. அன்று ஓடப்போகிற அதே பேப்பரில், அதே ஸ்கிரீனில் சார்ட் அடியுங்கள். ஃபியரி ரிப் வைத்திருப்பவர்கள் 21 கட்டத்தை விட்டு 34 கட்டச் சார்ட்டை எடுப்பது நல்லது. அளக்கும்போது அடியில் அதே பேப்பரின் வெற்றுத் தாள்கள் நான்கைந்து வையுங்கள். மேசையின் நிறம் அளவைக் கெடுக்கும். நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரின் (சுருக்கமாக ஸ்பெக்ட்ரோ) வெள்ளை ஓட்டில் விரல் ரேகை இருந்தால் எல்லாமே பொய். முடித்ததும், முன்பே ரிப் ஆகிக் காத்திருக்கும் ஜாப்களை மறுபடி ரிப் செய்யுங்கள். ஒரு ஜாப் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது எக்காரணம் கொண்டும் காலிபிரேட் செய்ய வேண்டாம். கல்யாணப் பத்திரிகை பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம் என்று வரும்.

சரிபார்க்க ஒரு பட்டை போதும். 13×19 அங்குல ஷீட்டின் வெட்டிப்போகும் ஓரத்தில் 6 மில்லிமீட்டர் அகலத்தில் நான்கு நிறத்துக்கும் 3, 5, 25, 50, 75, 95, 100 கட்டங்கள். அவற்றின் பக்கத்தில் சியான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 சேர்ந்த சாம்பல். அதை ஒட்டிக் கறுப்பு மட்டும் 50. இந்த இரண்டு சாம்பலும் நிறச்சாய்வு இல்லாமல் ஒத்திருக்கிறதா என்று பார்த்தாலே முகம் எப்படி வரும் என்று தெரிந்துவிடும். 5000 கெல்வின் விளக்கில் பாருங்கள். கடைகளில் தொங்கும் 6500 கெல்வின் டியூப் நீலமாக அடிப்பதால், சரியான சாம்பலும் தப்பாகத் தெரியும். 50% கட்டம் நாலு சதவீதப் புள்ளிக்கு மேல் நகர்ந்தால் மறுபடி காலிபிரேட். அதற்குக் குறைந்த ஆட்டத்துக்கு மெஷினை நோண்ட வேண்டாம்.

டிசைனர்களுக்குச் சில சொற்கள். 0 முதல் 10% வரை போகும் மெல்லிய கிரேடியன்ட்டுக்கு எட்டு பிட்டில் சுமார் 25 படிதான் உண்டு. முக்கடல் சூரியோதய வானத்தை 18 அங்குலத்துக்கு இழுத்தால் ஒரு படி 18 மில்லிமீட்டர் அகலப் பட்டையாகத் தெரியும். பட்டை மறைய ஒன்றிரண்டு சதவீதம் நாய்ஸ் (மணல் போன்ற நுண்துகள்) சேருங்கள். சிறிய தமிழ் எழுத்துக்கு 40% சாம்பல் கொடுக்காதீர்கள். ஸ்கிரீன் ஓரத்தை அரித்து, ணை, ஞ் போன்றவற்றின் சுழிகள் சிதறும். கறுப்பு 100 மட்டும் கொடுங்கள். அஞ்சலி போஸ்டருக்குப் பழைய பத்திரிகையில் அச்சான படத்தை ஸ்கேன் செய்தால், 600 டி.பி.ஐ.யில் எடுத்து, டீஸ்கிரீன் செய்து (பழைய அச்சுப் புள்ளிகளைக் கரைத்து), பிறகு 300க்கு இறக்குங்கள். அந்தப் பழைய புள்ளியின் மேல் நம் புள்ளி ஏறினால் முகம் முழுக்க வலை விழும்.

ஃப்ளெக்ஸ் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் விதி இதுவே. அங்கே முதலில் ஒவ்வொரு நிறத்துக்கும் இங்க் லிமிட் (மையின் உச்ச அளவு), பிறகு லீனியரைசேஷன் (சாயல் படிகளைச் சீராக்குதல்), கடைசியில்தான் புரொஃபைல் (மெஷின் காட்டும் நிறங்களின் விவரக் கோப்பு).

அளவுக் கருவி விலை அதிகம் என்பது உண்மைதான். பல மெஷின்களில் அவற்றின் ஸ்கேனர் கண்ணாடியே சார்ட்டைப் படிக்கும். ஸ்பெக்ட்ரோ அளவு துல்லியம் இராது, ஆனால் கண்மதிப்பைவிட எவ்வளவோ மேல். இல்லையென்றால் ஒரே தெருவில் உள்ள நாலு பிரஸ் சேர்ந்து ஒரு ஸ்பெக்ட்ரோ வாங்கலாம். ஒரே கருவியால் அளந்தால், ஒரு கடையில் மெஷின் நின்றுபோனாலும் பக்கத்துக் கடையில் ஓட்டிய தாள்கள் ஏறத்தாழ ஒத்துப்போகும். ஆடியிலும் தவக்காலத்திலும் முகூர்த்த வேலை குறையும். பேப்பர் வகைக்கொரு காலிபிரேஷன் செட்டும் புரொஃபைலும் புதிதாக எடுக்க அந்த வாரங்களை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட ப்ரீபிரஸ் (அச்சுக்கு முந்தைய வேலை) பணியாளர்கள் சிலர்