நீ சேரப்போகும் வேலை பற்றி

அன்புள்ள மகளுக்கு,

உன் மின்னஞ்சலை இரண்டு தடவை நிதானமாகப் படித்தேன். உளவுத்துறைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "தப்பு செய்யாதவங்க எதுக்குப்பா பயப்படணும்?" என்றும் எழுதியிருக்கிறாய். சேராதே என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ரகசியம் இல்லாமல் உளவு வேலை நடக்காது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை பிரிட்டன் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது என்பது 1974-ல்தான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. போர்க்காலத்தில் அது கசிந்திருந்தால் ஜெர்மனி சங்கேதத்தையே மாற்றியிருக்கும், இன்னும் எத்தனையோ கப்பல்கள் மூழ்கியிருக்கும். யாரைப் பின்தொடர்கிறார்கள், தகவல் கொடுத்தவர் யார், கருவி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, இதையெல்லாம் மறைக்கத்தான் வேண்டும். இதில் உனக்கும் எனக்கும் சண்டை இல்லை.

"தப்பு செய்யாதவர்" என்று தீர்மானிப்பது யார் என்பதில்தான் எனக்குப் பயம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963-ல் முறைப்படி அனுமதி வாங்கப்பட்டது. அடுத்த வருடம், அவர் நோபல் பரிசு வாங்கப் போவதற்குச் சில வாரங்கள் முன்னால், அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. அந்தரங்கமாகப் பதிவு செய்த ஒலிநாடாவும் அதோடு இருந்தது. தற்கொலைக்குத் தூண்டும் தொனியில் இருந்த அந்தக் கடிதத்தை அனுப்பியது அமெரிக்க அரசின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அவர் செய்த குற்றம் என்ன? ஒரு குற்றமும் இல்லை. அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இது நமக்கு எப்படித் தெரிய வந்தது என்று பார். 1971 மார்ச் 8-ஆம் தேதி இரவு, பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் பூட்டை உடைத்து, போர் எதிர்ப்பாளர்கள் சிலர் கோப்புகளை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். தனக்குப் பிடிக்காதவர்களை வேவு பார்த்துக் குலைக்க 1956-லிருந்து எஃப்.பி.ஐ. நடத்திவந்த ரகசியத் திட்டத்தின் நுனி அப்படித்தான் வெளியே தெரிந்தது. 1975-ல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு விசாரித்தபோதுதான் முழு உருவமும் தெரிந்தது. பதினைந்து வருடம் உள்ளே இருந்த எந்த ஏற்பாடும் அதை நிறுத்தவில்லை. பூட்டு உடைபட வேண்டியிருந்தது. ஒரு நாடு தன் தவற்றைத் தெரிந்துகொள்ள இதைத் தவிர வழியில்லை என்பது எவ்வளவு ஆபத்தான நிலைமை!

அமெரிக்காவையே உதாரணம் சொல்கிறேனே என்று நினைக்காதே. அது மற்ற நாடுகளைவிட மோசம் என்பதால் இல்லை. அங்கே கோப்புகள் வெளியே வந்திருக்கின்றன. பல நாடுகளில் அதுவும் இல்லை.

சர்ச் குழுவுக்கு அப்புறம் 1978-ல் ஒரு சட்டம் வந்தது. ஒட்டுக்கேட்புக்கு அனுமதி தர தனியாக ஒரு ரகசிய நீதிமன்றம் அமைத்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அங்கே அரசுத் தரப்பு மட்டுமே பேசியது, எதிர்த்து வாதாட ஆள் கிடையாது. 2012 வரை வந்த 33,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் மறுக்கப்பட்டவை 11. பல விண்ணப்பங்களைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினோம் என்று அந்த நீதிமன்றமே பின்னர் விளக்கியது. அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதே நீதிமன்றம்தான் 2006-ல், "விசாரணைக்குத் தொடர்புடைய" ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம் என்ற சட்ட வரியை நீட்டி, நாட்டு மக்கள் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற விவரத்தை மொத்தமாக அள்ளவும் அனுமதித்தது.

இந்த இடத்தில் நீ கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சட்டப் புத்தகம் எல்லோருடைய கையிலும் இருந்தது. அதன் பொருள் மட்டும் ரகசியமாக இருந்தது. செயலை மறைப்பது வேறு, செயலுக்கு அனுமதி தரும் சட்டத்தின் அர்த்தத்தையே மறைப்பது வேறு. முதலாவது பாதுகாப்பு. இரண்டாவது, வாக்களிக்கிறவனுக்கே தான் எதற்கு வாக்களிக்கிறோம் என்று தெரியாமல் செய்வது.

2013 மார்ச் 12 அன்று செனட்டில் நடந்ததைக் கேள். கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தகவல் சேகரிக்கிறீர்களா என்று உளவுத்துறைகளின் இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் செனட்டர் ரான் வைடன் கேட்டார். இல்லை, தெரிந்தே சேகரிப்பதில்லை என்று பதில் வந்தது. அது உண்மையில்லை என்று வைடனுக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாய் கட்டப்பட்டிருந்தது, ரகசியத்தை வெளியே சொல்ல முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர், மக்களுக்குப் பொய் சொல்லப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகாத காட்சி அது. மூன்று மாதம் கழித்து, உளவுத்துறைக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த, இந்த மொத்தச் சேகரிப்பைக் காட்டும் ஆவணங்கள் பத்திரிகையில் வந்தன. அவரைத் தியாகி என்பவர்களும் உண்டு, துரோகி என்பவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. ஆனால் 2015 மே மாதம் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி மொத்தமாக அள்ளுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே அதை நிறுத்தும் சட்டமும் வந்தது. ஆவணம் வெளியே வந்திராவிட்டால் அந்த வழக்கு நீதிமன்றப் படியே ஏறியிருக்காது.

சரி, அப்படி மொத்தமாக அள்ளியதால் பலனாவது இருந்ததா? கண்காணிப்பு 54 தாக்குதல் திட்டங்களைத் தடுத்தது என்று முதலில் சொன்னார்கள். அந்தக் கணக்கைச் செனட்டில் துருவிக் கேட்கக் கேட்க அது சுருங்கிக்கொண்டே போனது. தனியுரிமை, குடியுரிமை மேற்பார்வை வாரியம் என்ற சுதந்திரமான அமைப்பு ரகசிய ஆவணங்களையும் பார்த்துவிட்டு 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது: அமெரிக்காவுக்கு எதிரான பயங்கரவாத மிரட்டல் எதிலும், இந்தத் தொலைபேசித் திட்டம் விசாரணையின் முடிவை மாற்றியதாக ஒரு சம்பவம்கூடத் தென்படவில்லை.

அதே வாரியம் அதே வருடம் ஜூலையில் இன்னொரு அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டினரின் தகவல்தொடர்பைக் கண்காணிக்கும் வேறொரு திட்டம் உண்மையிலேயே பயனுள்ளது, அதன் அடிப்படை சட்டத்துக்கு உட்பட்டதுதான், சில குறைகளைத் திருத்துங்கள் என்றது. நான் அந்த இரண்டாவது அறிக்கையை நம்புகிறேன். ஏன் தெரியுமா? முதல் அறிக்கையில் "இது உதவவில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் எழுதியது அது. வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் உள்ளவர் சரி என்றால்தான் அந்தச் சரிக்கு மதிப்பு. கணக்கு எழுதுகிறவரே தணிக்கையும் செய்தால் எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த மாதிரி அமைப்பு எவ்வளவு எளிதில் உடையும் என்பதும் உனக்குத் தெரியட்டும். 2025 ஜனவரியில் அந்த வாரியத்தின் மூன்று உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். முறைப்படி கூடி முடிவெடுக்கத் தேவையான எண்ணிக்கையே இல்லாமல் போனது.

நம்பிக்கை போனால் நஷ்டம் மக்களுக்கு மட்டும் இல்லை, உளவுத்துறைக்கும்தான். 2002-ல் ஈராக்கின் ஆயுதங்கள் பற்றித் தயாரித்த ரகசிய மதிப்பீட்டில் சந்தேகங்களும் மாற்றுக் கருத்துகளும் இருந்தன. மக்களுக்குக் கொடுத்த பதிப்பில் பல சந்தேகங்கள் காணாமல் போயின என்று 2004-ல் செனட் குழு சொன்னது. அந்த ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவே இல்லை. இருபது வருடம் கழித்து, உக்ரைன் மீது ரஷ்யா படையெடுக்கப் போகிறது என்று அதே அமெரிக்க உளவுத்துறை எச்சரித்தது. இந்தத் தடவை அவர்கள் சொன்னது சரி. ஆனால் ஈராக்கை நினைத்து, ஆதாரம் எங்கே என்று நிருபர்கள் கேட்டார்கள், ஐரோப்பாவில் சில அரசுகளே கடைசி வரை நம்பத் தயங்கின. உண்மையைச் சொல்லும்போது யாரும் நம்பவில்லை என்றால் அந்த உளவு யாருக்குப் பயன்படும்?

இனி உன் வேலைக்கு வருகிறேன். தகவல்தொடர்புகளை ஒட்டுக்கேட்கும் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் தலைமை ஆய்வாளர் 2013 செப்டம்பரில் செனட்டர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், 2003-லிருந்து ஊழியர்கள் வேண்டுமென்றே அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய 12 சம்பவங்களைக் குறிப்பிட்டிருந்தார். காதலி, கணவன், முன்னாள் காதலி என்று சொந்த வாழ்க்கையில் இருந்தவர்களை வேவு பார்த்ததுதான் அவற்றில் பல. எண்ணிக்கை சிறியதாகத் தெரியும். ஆனால் எப்படிப் பிடிபட்டார்கள் என்று படித்துப் பார். சிலரைப் பற்றித் தெரிய வந்ததே அவர்களாக ஒப்புக்கொண்டதால்தான். பொய் கண்டறியும் சோதனையின்போது சொன்னவர்களும் உண்டு. ஒப்புக்கொள்ளாதவர்கள் எத்தனை பேர் என்று யாரால் சொல்ல முடியும்?

இதை மாற்றுவது உன்னைப் போன்ற பொறியாளர்கள் கையில் இருக்கிறது. யார், யாரைத் தேடினார், எந்த வழக்குக்காக, யார் அனுமதி கொடுத்தார் என்ற பதிவு ஒவ்வொரு தேடலுக்கும் தானாக விழ வேண்டும். தேடியவரோ அவருடைய மேலதிகாரியோ அதை அழிக்க முடியக்கூடாது. அந்தத் துறைக்குக் கட்டுப்படாத ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். தேவை முடிந்த தகவல் குறித்த தேதியில் அழிய வேண்டும். செலவாகும், வேகம் குறையும் என்பார்கள். ஆகட்டும், குறையட்டும்.

வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உன்னை நேர்முகம் கண்டவரிடமே இதைக் கேள். அந்தப் பதிவு இருக்கிறதா, வெளியிலிருந்து அதைப் பார்ப்பது யார், உள்ளே ஒரு தவறு தென்பட்டால் நீ யாரிடம் போய்ச் சொல்லலாம், சொன்னால் உன் வேலைக்குப் பாதுகாப்பு உண்டா. பதில் ரகசியம் என்றால் எனக்குச் சொல்ல வேண்டாம். கேட்டாயா, பதில் வந்ததா, அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா