ப்ளூ-ரேவுக்கும் ஆகும் என்று ஏன் அச்சடித்தீர்கள்?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன மாதம் ரிச்சி தெருவில் 1,350 ரூபாய் கொடுத்து உங்கள் டிஸ்க் ரிப்பேர் கிட்டை வாங்கினேன், கீறலைத் தேய்த்து எடுக்கக் கையால் சுற்றுகிற சக்கரமும் ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலும் வருமே, அதுதான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் சிடி, டிவிடி, ப்ளூ-ரே எல்லாவற்றுக்கும் ஆகும் என்று போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பழைய பாட்டு சிடி இரண்டு, திக்கித் திக்கிப் பாடிக்கொண்டிருந்தவை, நன்றாகவே சரியாகின. ஒரு டிவிடியும் ஓடியது. அந்தத் தைரியத்தில்தான் மகளின் அரங்கேற்ற ப்ளூ-ரேவை உங்கள் கருவியில் வைத்தேன்.

2014-இல் மயிலாப்பூரில் நடந்தது. வீடியோ எடுத்தவர் ஸ்டுடியோவை மூடிவிட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன, எங்களிடம் வேறு பிரதி கிடையாது. முன்வரிசையில் என் அம்மா தொடையில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருப்பார். அம்மா இப்போது இல்லை. தில்லானா வரும்போது இரண்டு இடத்தில் படம் உறைந்து நிற்கும், அவ்வளவுதான் அந்த டிஸ்க்கின் குறை. பெட்டியில் இருந்த உங்கள் செய்முறைத் தாளில் சொன்னபடி ஸ்ப்ரே அடித்து, சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, இப்போது பிளேயர் அதை டிஸ்க் என்றே ஏற்க மறுக்கிறது.

அதே ரிச்சி தெருவில் பிளேயர் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பார்த்தவுடன், "ப்ளூ-ரேவைத் தேய்க்கவே கூடாதுங்க" என்றார். காரணத்தையும் விளக்கினார். சிடியில் பதிவு இருக்கும் படலம் லேபிளை ஒட்டி மேலே இருக்கிறது, கீழே கிட்டத்தட்ட 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், அதனால் கீறலைக் கொஞ்சம் தேய்த்து எடுக்க இடம் உண்டு. டிவிடி இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளை ஒட்டியது, பதிவு நடுவில், அங்கேயும் சமாளிக்கலாம். ப்ளூ-ரேவிலோ பதிவுக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே வெறும் 0.1 மில்லிமீட்டர்தான், அதனால்தான் கீறல் விழாதபடி மேலே கெட்டியான பூச்சு கொடுக்கிறார்கள். உங்கள் சக்கரம் அந்தப் பூச்சைத்தான் உரித்திருக்கிறது. ரிப்பேர்காரருக்குத் தெரிந்த இது, கருவியைச் செய்து விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் தாளில் இன்னொரு தப்பும் இருக்கிறது. டிஸ்க்கை வட்டமாகத் துடைப்பதுபோலப் படம் போட்டிருக்கிறீர்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத்தான் துடைக்க வேண்டும், பதிவு சுருளாக ஓடுவதால் வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தை நெடுக அழித்துவிடும், குறுக்கே விழும் கீறல் என்றால் பிளேயரே பிழையைத் திருத்திக்கொண்டு தாண்டிவிடும். சிடியில் லேபிள் பக்கம் கீறி, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரிகிறது என்றால் பதிவே போய்விட்டது, எதைத் தேய்த்தும் பயனில்லை என்றும் எங்கேயும் எழுதவில்லை. மெல்லிய துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சக்கரத்தைத் தொடுங்கள் என்று ஒரு வரி இருந்திருந்தால், என் டிஸ்க் துடைத்ததோடு தப்பித்திருக்கலாம்.

உங்கள் எண்ணுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "நீங்கள் அழுத்திச் சுற்றியிருப்பீர்கள்" என்றே பதில். அது என்னை ரொம்பவே காயப்படுத்தியது.

எனக்கு 1,350 ரூபாயும் திரும்ப வேண்டும். அதைவிட முக்கியம், பெட்டியில் ப்ளூ-ரே என்ற வார்த்தையை எடுங்கள், கடைகளில் இப்போது இருக்கிற சரக்கிலும் ஸ்டிக்கர் ஒட்டி மறையுங்கள், துடைக்கும் படத்தை மாற்றி, தமிழிலும் ஒரு தாள் வையுங்கள். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிவேன், அதற்கும் அசையவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பில், பெட்டி, தாள், டிஸ்க் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், வீட்டில் வைத்துக் காட்டுகிறேன். டிஸ்க்கை மட்டும் கொடுத்தனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், சென்னை