புள்ளிகளோடு எறிகளின் கணக்கையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ கூடைப்பந்துச் செய்தி என்றால், யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதோடு விளையாட்டுப் பக்கம் நிறுத்திக்கொள்கிறது. எத்தனை முறை எறிந்து எடுத்தார் என்று ஒரு வரி சேர்த்தால்தான் ஆட்டம் புரியும். ஸ்டீஃபன் கரியின் 2015-16 பருவத்தையே பாருங்கள்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்காக 79 ஆட்டங்களில் 2,375 புள்ளிகள், சராசரி 30.1. முப்பதைத் தாண்டியவர்கள் அவருக்கு முன்பும் பலர் உண்டு. ஆனால் கரி ஆட்டத்துக்குச் சராசரியாக 34 நிமிடம்தான் களத்தில் இருந்தார். த்ரீ பாயிண்டரில், அதாவது வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறியில், 886 எறிகளுக்கு 402 கூடைகள். முந்தைய சாதனை 286. அதுவும் முந்தைய பருவத்தில் அவரே வைத்தது. ஒரே தாவலில் 116 கூடுதல்!

402-ஐ மட்டும் எழுதினால் பாதிச் செய்திதான். 45.4 சதவீதம் விழுந்ததால் ஒரு த்ரீ பாயிண்டர் எறிக்குச் சுமார் 1.36 புள்ளி கிடைத்தது. இரண்டு புள்ளி எறியில் அந்தப் பலன் வர நூற்றுக்கு 68 விழ வேண்டும். கோட்டுக்கு உள்ளே அவர் 712 எறிகளில் 403 போட்டார். மிக நல்ல கணக்குதான். ஆனாலும் எறிக்கு 1.13 புள்ளிதான். 7.24 மீட்டர் தொலைவில் உள்ள என்பிஏ கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவதே அவருக்கு லாபம்.

எதிரணிகள் திணறியது இதனால்தான். சக வீரர் டிரேமண்ட் கிரீன் ஸ்கிரீன் வைக்கும்போது, அதாவது தடுப்பாளரின் வழியில் அசையாமல் நின்று மறிக்கும்போது, தடுப்பாளர் அதன் பின்பக்கமாகச் சுற்றி வந்தால் கரி அங்கேயே எறிவார். முன்பக்கமாக ஒட்டி வந்தால் உள்ளே புகுவார். இருவர் சேர்ந்து மறித்தால் பந்து கிரீன் கைக்குப் போகும். பிறகு வாரியர்ஸின் மற்ற நான்கு பேரைத் தடுக்க எதிரணியில் மூன்று பேர்தான். அந்தப் பருவத்தில் வாரியர்ஸ் 73 வெற்றி, 9 தோல்வி. சிகாகோ புல்ஸின் 72-10 சாதனை இருபது ஆண்டுக்குப் பின் உடைந்தது. மிகச் சிறந்த வீரர் விருதுக்கான 131 முதலிட வாக்குகளும் கரிக்கே விழுந்தன. அதற்கு முன் யாருக்கும் அப்படி விழுந்ததில்லை.

சறுக்கலையும் எறிகளின் கணக்குதான் காட்டும். பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே கணுக்காலிலும் முழங்காலிலும் காயம். இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலை பெற்றும் கிளீவ்லேண்டிடம் கோப்பை போனது. ஏழாவது ஆட்டத்தில் கரிக்கு 17 புள்ளி. அதற்கு 19 எறிகள் செலவாயின, விழுந்தவை 6.

இன்னொன்று. தொலைவை மட்டும் எழுதினால் பிள்ளைகளும் தொலைவை மட்டுமே பிடித்துக்கொள்கிறார்கள். முழங்காலில் எழும் விசை தடைபடாமல் மணிக்கட்டுக்கு வந்து, உடல் மேலெழும்போதே பந்து கையை விட்டுப் போவதுதான் கரியின் எறி. பலம் போதாத பிள்ளை சர்வதேச விதிப்படியான 6.75 மீட்டர் த்ரீ பாயிண்டர் கோட்டிலிருந்து, ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தை எறிய முயன்றால் நெஞ்சிலிருந்து தள்ளும். முழங்கை வெளியே விரியும். பந்து தட்டையாகப் போய் வளையத்தில் இடிக்கும். கூடைக்குச் சில அடி தள்ளி நின்று ஒரு கையால் எறியப் பழகி, பத்தில் ஏழு விழுந்த பிறகே ஓரடி பின்னால் போக வேண்டும்.

அச்சில் இடம் அதிகம் தேவைப்படாது. 2016 பிப்ரவரி 27, ஓக்லஹோமா சிட்டி ஆட்டத்துக்கு இப்படிப் போட்டாலே போதும்: கரி 46 புள்ளி, த்ரீ பாயிண்டர் 16-க்கு 12.

இப்படிக்கு,
கூடைப்பந்து வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்