முத்துலட்சுமி பணம்

திருவான்மியூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் அலைச்சல் வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

"முத்துலட்சுமி பணம் இன்னும் ஒரு தவணை வரவில்லை, நர்ஸம்மா மறுபடியும் கர்ப்பப் பதிவு பண்ணின பிக்மி நம்பர் கேட்கிறாள்" என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். அரசாங்கம் தரும் பிரசவ உதவி 18,000 ரூபாயில் எவ்வளவு வந்தது, ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுத்தார்களா என்று தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்று உன் மருமகனிடம் கேட்டுப் பார், தெரியாது என்பான். நாம் மட்டும் என்ன, மன்னர் கல்லூரி வழியாக எத்தனை வருஷம் நடந்தோம்? அங்கே படிக்க வந்த முதல் பெண் அவர்தான். பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர்கள் எதிர்த்தும், மகாராஜா சேர்த்துக்கொள்ளச் சொன்னார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார் என்று சொல்வார்கள்.

அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். மார்பில் கட்டி. ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லையடி. அண்ணனிடம்கூட இல்லை. "ஆம்பிளை டாக்டர்கிட்ட எப்படிக் காட்டறது" என்கிறாள், இந்தக் காலத்தில். வலி தாங்க முடியாமல் ஒரு நாள் என்னிடம் போனில் அழுதாள். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, இப்போது கரண்ட் வைக்கிறார்கள், கதிர்வீச்சு சிகிச்சைதான். காலை ஏழு மணிக்கே கையில் ஃபைலோடு போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

அந்த வராந்தாவில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டிருப்பதுதான். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். அம்மா தலையில் பூப்போட்ட துண்டைக் கட்டியிருக்கிறாள். பத்து வயசுப் பையன் டிபன் கேரியரைத் திறந்து, அவளுக்கு இட்லியைச் சர்க்கரை தொட்டு ஊட்டுகிறான். இரண்டு வாய்க்கு மேல் அவளால் முடியவில்லை. மிச்சத்தை அவன் சாப்பிடவில்லை, மூடி வைத்துவிட்டான். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நான் இன்னும் கொஞ்ச நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும் இல்ல?" என்றாள். நான் என்னத்தைச் சொல்ல?

இந்த ஆஸ்பத்திரியும் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்ததுதான், தெரியுமா? 1923இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயில் போய்விட்டாள். 1912லேயே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பட்டம் வாங்கியவர், அத்தனை படித்தும் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றார். 1935இல் அந்தக் காலேஜின் நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று சொல்லிவிட்டார். வருகிறவர்கள் சாகத்தானே போகிறார்கள், இதற்கெதற்கு ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்டார்களாம். பிறகு இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள் நிதி திரட்ட இறங்கினார்கள். 1952இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் திறந்தபோது 12 படுக்கை. தங்கை போய் 31 வருஷம் ஆகியிருந்தது, இவருக்கு வயசு 67. எனக்கு அந்தக் கணக்குதான் மனசிலேயே நிற்கிறது. நான் 61 வயசிலேயே மாடிப்படி ஏற யோசிக்கிறேன்.

இந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் சாந்தா அம்மாவைப் பற்றி நீயும் பேப்பரில் படித்திருப்பாய். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, எழும்பூரில் அரசாங்க வேலை கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு 1955இல் இங்கே வந்துவிட்டார். முதலில் சம்பளமே இல்லை, அப்புறம் மாதம் 200 ரூபாய். அந்த வளாகத்திலேயே குடியிருந்து, 2021இல் 93 வயசில் இறந்தார். முத்துலட்சுமி அம்மாவின் மகன் கிருஷ்ணமூர்த்தியும் இவரும்தான் ஆரம்பத்தில் இருந்த டாக்டர்கள். அரசாங்க வேலையை விட்டபோது அவர் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நம் வீடுகளில் விட்டிருப்பார்களா?

ஒரு விஷயம். நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் கோமதி "இந்தியாவின் முதல் பெண் டாக்டர்" என்று முத்துலட்சுமி அம்மா படத்தைப் போட்டிருந்தாள். அது சரியில்லை. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் பட்டம் வாங்கிய 1886இல்தான் இவர் பிறந்தே இருக்கிறார். இதே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் 1875லேயே மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியோடு இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஆம்பிளை டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துத்தான் அந்தம்மா படிக்கப் போனார். 1885இல் அவர் முன்நின்று தொடங்கியதுதான் இப்போது திருவல்லிக்கேணியில் இருக்கும் கோஷா ஆஸ்பத்திரி. கோஷா என்றால் திரைக்குள் இருக்கும் பெண்கள். கஸ்தூரிபா காந்தி என்று பெயர் மாற்றியும் ஆட்டோக்காரருக்கு இன்றைக்கும் கோஷாதான். என் பெரியவன் பிறந்தது அங்கேதானே, நீ ரயிலேறி வந்து பார்த்தாயே! கோமதியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவளைத் திருத்தப் போய் நாற்பது மெசேஜ் வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

அண்ணிக்கு இன்னும் எட்டு தடவை கரண்ட் பாக்கி. சாப்பாடு குறைந்துவிட்டது, வாய் மட்டும் பழையபடி இருக்கிறது. நேற்று என் ரசத்தில் உப்பில்லை என்று சொன்னாள். சரி, தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பணம் மெதுவாக வரட்டும், பாஸ்புக்கும் ஆதாரும் சரியாக இணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல். குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?

அப்புறம், உன் கடிதத்தின் கடைசியில் நாலு வரி எழுதி அடித்திருந்தாயே, அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். ஊரில் நடந்த பரிசோதனை முகாமுக்குப் போய், உள்ளே ஆம்பிளை டாக்டர் இருந்ததால் திரும்பி வந்துவிட்டாய், அவ்வளவுதானே? பெரிய ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் என்றைக்கு இருப்பார் என்று நர்ஸம்மாவிடமே கேள். பிக்மி நம்பர் கேட்க எப்படியும் வருவாள் இல்லையா. வியாழக்கிழமை ராத்திரி போன் பண்ணுவேன். பேத்தியைப் பற்றி அப்புறம் கேட்கிறேன், முதலில் போனாயா இல்லையா என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
ராஜி