எந்த ஔவையார்?

வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுகிறவர்களுக்கும் நடுவராக உட்காருகிறவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு மாணவர் போட்டியின் இறுதிச் சுற்றில் நீங்கள் கேட்டது: "அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும் ஆத்திசூடி பாடியவருமான புலவர் யார்?" என் மகள் மைக்கை வாங்கி, "சார், அது ரெண்டு பேர். எந்த ஔவையாரைக் கேக்குறீங்க?" என்றாள். அரங்கில் ஒரே சிரிப்பு. நடுவர் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. "இங்க ஒருத்தர்தாம்மா இருக்காங்க" என்றார். அடுத்த அணி 'ஔவையார்' என்று மட்டும் சொன்னது, பத்து மதிப்பெண்ணும் கைதட்டலும் அங்கே போய்விட்டன.

மதிப்பெண் போகட்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசாமல் வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "இனிமே தெரிஞ்சாலும் அட்டையில இருக்கறதைத்தான் சொல்லணுமாப்பா?" எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. நெல்லிக்கனி வாங்கியவர் சங்க காலத்தவர், அவர் பெயரில் 59 பாட்டு இருக்கிறது, புறநானூற்றில் மட்டும் 33. அதியமான் இறந்தபோது "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று அழுதவர் அவர். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்ற அழுகை அது. இன்னொரு பாட்டில் பகை வேந்தன் "மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி" என்று கூப்பிட்டுக் கேட்க, அதற்குத்தான் அவர் பதில் சொல்கிறார். மை தீட்டிய கண்ணுள்ள, ஆடிப் பாடும் அந்த விறலி எங்கே, நாம் எல்லாப் படத்திலும் வரைந்துவைத்திருக்கும் கோலூன்றிய பாட்டி எங்கே!

ஆத்திசூடிக்காரர் பல நூற்றாண்டு பிந்தியவர். அவர் பெயரிலேயே வழங்கும் நல்வழியின் கடைசி வெண்பா, "மூவர் தமிழும்" என்று தேவாரத்தைச் சொல்கிறது, "கோவை திருவாசகமும்" என்று மாணிக்கவாசகரைச் சொல்கிறது. எல்லாம் சங்க காலத்துக்குப் பிந்தியவை. அதியமான் கொடுத்த கனி ஆயுளை நீட்டும் என்பது கதைதான், அதற்காக இத்தனை நூற்றாண்டா?

ராஜராஜன் என்றால் முதலாம், இரண்டாம், மூன்றாம் என்று எண் போடுகிறோம். குலோத்துங்கனுக்கும் அப்படியே. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது மூன்றாம் ராஜராஜன் என்று ஒரு பிள்ளை சொன்னால் விடுவீர்களா? புலவர் என்றால் மட்டும் எல்லாரையும் ஒரே ஆளாக்கிவிடலாம். பிந்திய சைவத் தொகுப்பான பதினோராம் திருமுறையிலும், சங்கப் புலவர்கள் பெயரிலேயே ஒரு கபிலர், ஒரு பரணர், ஒரு நக்கீரர் இருக்கிறார்கள். நாளைக்குப் பாரியின் தோழர் கபிலரையே பிள்ளையாருக்கு இரட்டைமணிமாலை பாட வைத்து ஒரு கேள்வி வரும் என்று பயமாக இருக்கிறது. பட்டினத்தார் கதையும் இதேதான்.

ஔவையார் விஷயத்தில் இன்னொன்றும் உறுத்துகிறது. பெண் புலவரா, ஒரு பாட்டி போதும் என்று முடித்துவிடுகிறோம். வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் எல்லாம் உங்கள் எத்தனை அட்டையில் இருக்கிறார்கள்? இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, அதிலும் ஔவையார் என்ற பெயருள்ள நாலைந்து பேரைத் திணித்து ஒரு வெள்ளைப் புடவையைச் சுற்றிவிட்டோம்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். "ஆறுவது சினம்" என்றவரும் ஔவையார்தான், பிந்தியவர். அவர் பேச்சைக் கேட்டு நிதானமாகவே கேட்கிறேன். கேள்வியில் பெயருக்கு முன்னால் காலத்தையோ நூலையோ போடுங்கள். 'சங்க கால ஔவையார்', 'ஆத்திசூடி பாடிய ஔவையார்', அவ்வளவுதான், அட்டையில் ஒரு வரிகூட அதிகமாகாது. எந்த ஔவையார் என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால், சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

அந்தப் பத்து மதிப்பெண்ணைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. கோப்பை போன வீட்டிலேயே இருக்கட்டும், அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை. முடிந்தால் என் மகளுக்கு மட்டும், நீ கேட்டது சரியான கேள்விதான் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா