ஸான்ஸ்கார் போகிறவர்களுக்கு: சாமான் பட்டியலுக்கு முன்னால் நாள் கணக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

லடாக்கின் ஸான்ஸ்கார் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர்கள் நம் மலைநடைச் சாமான் கடைக்கு வரும்போது கையில் சாமான் பட்டியலோடு வருகிறார்கள். நாங்களோ முதலில் நாள் கணக்கைக் கேட்கிறோம். எந்த இரவு எந்த ஊரில் படுக்கிறீர்கள், அந்த ஊர் எத்தனை மீட்டர் உயரம்? அதை எழுதிக் காட்டினால்தான் ஸ்லீப்பிங் பேக் வாடகைக்குத் தருகிறோம். சிலருக்கு இது வருத்தமாக இருக்கிறது. அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்த மடல்.

திருநெல்வேலி கடல்மட்டத்துக்கு மேல் 50 மீட்டர்கூட இல்லை. ஸான்ஸ்காரின் தலைமை ஊரான 'படும்' ஏறத்தாழ 3,650 மீட்டர். மணாலிப் பக்கமிருந்து அங்கே போகும் வழியில் உள்ள ஷிங்கு லா 5,091 மீட்டர் ('லா' என்றால் கணவாய்). அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், பாளையங்கோட்டையில் கிடைப்பதில் பாதிக்குச் சற்றுத்தான் மேல். "அண்ணாச்சி, மாஞ்சோலை ஏறி இறங்கியாச்சு, அது போதாதா?" என்று கேட்கிறார்கள். காலுக்கும் நெஞ்சுக்கும் அது நல்ல பயிற்சி. உயரத்துக்கு உடம்பு பழகுவது வேறு விஷயம். மாஞ்சோலை மட்டுமல்ல, 1,868 மீட்டர் அகத்தியர்கூடத்தில் ஏறினாலும் அந்தப் பழக்கம் வராது. அங்கே போய், மெல்ல ஏறி, இரவுகளைக் கழித்துத்தான் அது வரும். நன்றாக ஓடுகிற இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே ஆபத்து கூடுதல்.

கணக்கு எளிது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் அதே இடத்தில் இன்னோர் இரவு. அடல் சுரங்கம் 2020-இல் திறந்த பிறகு மணாலியிலிருந்து அதன் வடக்கே உள்ள லாகுல் பள்ளத்தாக்குக்குப் போவது சுலபமாகிவிட்டது. அதனால்தான் அவசரமும் கூடிவிட்டது. மணாலியில் காலையில் கிளம்பி, ஷிங்கு லாவைக் காரிலேயே தாண்டி, இரவு படுமில் படுக்கும் திட்டங்களைப் பார்க்கிறோம். 2,000 மீட்டரிலிருந்து ஒரே பகலில் 3,650! மணாலியில் ஓர் இரவு, லாகுலில் உள்ள ஜிஸ்பாவில் இரண்டு இரவு, படுமில் இரண்டு இரவு, அதன் பிறகு நடை என்று வையுங்கள். விமானத்தில் லே போகிறவர்கள் நேராக 3,500 மீட்டரில் இறங்குகிறார்கள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு.

ஸான்ஸ்காரில் இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், மலைநோய்க்கு (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது) முதல் மருந்து கீழே இறங்குவது. படுமிலிருந்து லாகுலில் உள்ள டார்ச்சா பக்கம் இறங்க ஷிங்கு லாவையும், கார்கில் பக்கம் இறங்க ஏறத்தாழ 4,400 மீட்டர் பென்சி லாவையும் முதலில் ஏறித் தாண்டவேண்டும். இந்த இரண்டு வழியிலும் நோயாளியை இறக்குவதற்காக மேலே ஏற்றவேண்டும். தலைவலியோடு குமட்டலோ அசதியோ வந்தால் அன்று ஏறாதீர்கள். ஒரு கால் பெருவிரலை மறுகால் குதிகால் தொடும்படி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே இறக்கவேண்டும். மலைநோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை டாக்டரைக் கேட்டுத்தான். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே அவரிடம் சொல்லுங்கள்.

இனி சாமானுக்கு வருவோம்.

பரணில் கிடக்கும் பழைய ஷூவை நம்பாதீர்கள். பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆனால் அதன் நடு அடிப்பாகம் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை. நம் ஊர் வெக்கையும் காற்றின் ஈரமும் சேர்ந்து, போடாமல் வைத்திருந்தாலும் அதை உள்ளுக்குள் உளுக்கவைக்கும். நடக்க ஆரம்பித்த இரண்டாம் நாள் அடி தனியே கழன்றுவிடும். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கோடுகோடாக வெடித்தாலோ பொடி உதிர்ந்தாலோ அது தேறாது. புது ஷூ வாங்க, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், போடப்போகும் கம்பளிச் சாக்ஸோடு வாருங்கள். கயிறு கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழையவேண்டும்; இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். பிறகு ஒரு மாதமாவது போட்டு நடங்கள், வ.உ.சி. மைதானத்துப் படிகளில் சுமையோடு ஏறி இறங்குங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலை எண்கள் போட்டிருக்கும். நமக்கு வேண்டியது கம்ஃபர்ட் மட்டும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் எல்லை, தூங்கும் எல்லை ஆகாது. ஆகஸ்டுக்கு மைனஸ் 5, செப்டம்பருக்கு மைனஸ் 10 கம்ஃபர்ட் கொடுக்கிறோம். கீழே விரிக்கும் நுரைப் பாயை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உடம்பின் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிப்போவதால் தரையின் குளிரைத் தடுப்பது அந்தப் பாய்தான். பருத்திப் பனியன் வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாமல் முதுகில் ஐஸாக ஒட்டும்.

கேஸ் கேன் விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோகக் கூடாது. ஸ்டவ் தலையை மட்டும் இங்கே வாங்கி, கேனை லேயிலோ மணாலியிலோ வாங்குங்கள். வாய் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ வாயும் ஆணி வாயும் ஒன்றுக்கொன்று சேராது. வெறும் பியூட்டேன் கேன் வாங்கினால் பூஜ்யம் டிகிரியில் வாயுவாக மாறாது, விடியற்காலையில் எரியாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததைக் கேளுங்கள்.

சமையலிலும் உயரம் விளையாடும். 4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு கொதித்தாலும் துவரம்பருப்பு வேகாது, சோறு நடுவில் நறுக்கென்றிருக்கும். குக்கர் சுமக்கத் தயாரில்லை என்றால் அரிசியை மறந்துவிடுங்கள். ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை மொறுமொறுவென்று தாளித்துக் கலந்து, ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் வீதம் பொட்டலம் கட்டுங்கள். இரண்டரைப் பங்கு வெந்நீரில் போட்டு மூடினால் உப்புமா. தேங்காய் சேர்த்தால் சிக்கு வாடை வந்துவிடும். அவல், சத்துமாவு, பொரிகடலை, சுக்கு, கருப்பட்டி எல்லாம் அங்கே கைகொடுக்கும். அல்வா நெய் உறைந்து கட்டியாகும். சட்டைக்குள் சிறிது நேரம் வைத்திருந்து சாப்பிடுங்கள். குடிநீரைத் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் போதும்.

மழையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, நாங்குநேரிப் பக்கம் வெறும் காற்றாக வருகிறதல்லவா? இமயத்துக்குப் பின்னால் இருக்கும் ஸான்ஸ்காரும் அப்படித்தான். மழையைவிடப் பயப்படவேண்டியது ஓடைகளுக்கு. வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மாலையில் இடுப்புக்கு வரும். அதனால் பெரிய ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள், பின்வார் செருப்பு வேண்டும். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்குங்கள். விழுந்தால் சுமை உங்களை அமுக்கக் கூடாது.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அனுமதியில்லாத சாட்டிலைட் போன் இந்தியாவில் குற்றம்; வெளிநாட்டு உறவினர் கொடுத்தாலும் கொண்டுபோகாதீர்கள். பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான். இரவில் போனை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள், குளிரில் சார்ஜ் இறங்கும். மந்திரம் பொறித்த கல்சுவர் எதிர்ப்பட்டால் அது உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்துபோங்கள். அங்குள்ளவர்கள் வலம் வருவது அப்படித்தான்.

ஸ்லீப்பிங் பேக்கைத் திருப்பித் தரும்போது துவைக்கவேண்டாம். உறைக்குள் திணித்தபடி வைத்தால் இறகு நசுங்கிச் சூடு பிடிக்காமல் போகும். ஊர் வந்ததும் வெளியே எடுத்து ஒரு பகல் நிழலில் விரித்துப்போட்டு, தளர்வாகத் துணிப்பையில் கொண்டுவாருங்கள். ஈரமாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நாங்கள் காயவைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடையினர்,
பாளையங்கோட்டை